உதிரிக் குவார்ட்ஸ் கல் வாங்கப் போகிறவர்களுக்கு

குவார்ட்ஸ் விலை குறைந்த கல். மாணிக்கமோ நீலமோ வாங்குகிறவர் நாலு பேரிடம் விசாரிப்பார், ஆய்வகச் சான்றிதழ் கேட்பார். செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட் என்ற ஊதாக் குவார்ட்ஸ்) வாங்குகிறவர் நிறம் பிடித்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். குவார்ட்ஸைக் குவார்ட்ஸ் என்றே சொல்லி விற்றால் இதில் பெரிய நஷ்டம் இல்லை. மஞ்சள் குவார்ட்ஸான சிட்ரினைப் புஷ்பராகம் என்றும், குவார்ட்ஸ் பூனைக்கண்ணை வைடூரியம் என்றும், சாயம் ஏற்றிய வெடிப்புக் கல்லை மரகதம் என்றும் விலை சொல்லும்போதுதான் பணம் பல மடங்காகப் போகிறது. எதிர்த்திசையிலும் ஏமாற்று உண்டு: வெறும் கண்ணாடி குவார்ட்ஸ் பெயரில் வரும். அதனால் பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, கல் என்ன சொல்கிறது என்று பார்க்கப் பழகுவதுதான் இந்த வியாபாரத்தில் முதல் வேலை.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கன் டை ஆக்சைடு. மோஸ் அளவுகோலில் கடினம் 7. ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 2.65. ஒளிவிலகல் எண் 1.544 முதல் 1.553 வரை. இவற்றில் ஒப்படர்த்தியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும், ஏனென்றால் அதை வீட்டிலேயே அளந்துவிடலாம். புஷ்பராகம் என்று நம்மூரில் விற்கும் மஞ்சள் நீலக்கல்லுக்கு அது 4.00, டோபாஸுக்குச் சுமார் 3.53, உண்மையான வைடூரியத்துக்குச் சுமார் 3.73. குவார்ட்ஸ் இவை எல்லாவற்றையும்விட நன்றாகவே லேசான கல். அதனால் ஒரே கேரட் எடையில் சிட்ரின் பார்வைக்குப் பெரிதாகவும், மஞ்சள் நீலக்கல் சிறிதாகவும் இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் இரண்டு கிளைகள். கண்ணுக்குத் தெரியும் படிகமாக வளர்ந்தவை ஒன்று: ஸ்படிகம், செவ்வந்திக்கல், சிட்ரின், புகைநிறக் குவார்ட்ஸ், ரோஸ் குவார்ட்ஸ். நுண்படிகங்கள் நெருக்கமாகக் கூடி இறுகியவை மற்றொன்று: அகேட், சூதுபவளம், ஓனிக்ஸ், கிரிசோபிரேஸ், ஜாஸ்பர். இரண்டாவது கிளையை மொத்தமாகச் சால்செடனி என்பார்கள். முதல் கிளையில் பட்டை தீட்டிய கற்கள் அதிகம், இரண்டாவதில் வழவழப்பாக உருட்டிய கேபஷான்களும் மணிகளும் அதிகம். வாங்கும் முறையும் இரண்டுக்கும் வேறு.

செவ்வந்திக்கல்லில் இருந்து தொடங்கினால் மற்ற நிறங்கள் எளிதாகப் புரியும். படிகத்துக்குள் கொஞ்சம் இரும்பு, அதன்மேல் பாறையிலிருந்தே வரும் இயற்கைக் கதிர்வீச்சு, இரண்டும் சேர்ந்தால் ஊதா. இதே கல்லை 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் ஊதா கலைந்து மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று மாறும். சந்தையில் இருக்கும் சிட்ரினில் பெரும்பகுதி இப்படிச் சூடுகாட்டிய பிரேசில் செவ்வந்திதான். இது மோசடி இல்லை, நிறமும் நிலையானது, உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட முறை. ஆனால் "சூடு காட்டாத இயற்கைச் சிட்ரின்" என்று கூடுதல் விலை சொன்னால் கேள்வி கேளுங்கள். இயற்கையில் கிடைக்கும் சிட்ரின் பெரும்பாலும் வெளிர் மஞ்சள், அல்லது கொஞ்சம் புகை கலந்த மஞ்சள். அடர்ந்த ஆரஞ்சும் சிவப்பு மினுமினுப்பும் அநேகமாக அடுப்பிலிருந்து வந்தவை. அலங்காரத்துக்கு விற்கும் குகைக்கல் (உட்குழிவில் படிகம் முளைத்த பாறை) துண்டுகளில் நுனி மட்டும் கருகிய ஆரஞ்சாகவும் அடி சுண்ணாம்பு வெள்ளையாகவும் இருந்தால், அது செவ்வந்திக் குகையை அப்படியே சூளையில் வைத்தது.

பச்சையும் இதே வழிதான். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸில் மோன்டெசூமா என்ற இடத்துச் செவ்வந்தி சூட்டில் மஞ்சளாகாமல் வெளிர் பச்சையாகும். அதைப் பிராசியோலைட் என்கிறார்கள். இப்போது வரும் பச்சைக் குவார்ட்ஸில் பெரும்பாலானது செயற்கைக் கதிர்வீச்சு கொடுத்து உண்டாக்கியது. இதைப் "பச்சைச் செவ்வந்தி" என்று விற்பார்கள். அந்தப் பெயர் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018இல் தன் நகை விதிகளில் சொல்லிவிட்டது. ஊதாவும் மஞ்சளும் ஒரே கல்லில் பாதிப்பாதியாக இருந்தால் அமெட்ரின். அதன் பேர்போன சுரங்கம் பொலிவியாவின் அனாஹி. 1990களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த அமெட்ரினும் சந்தையில் புழங்குகிறது.

நல்ல செவ்வந்தி என்றால் என்ன? உருகுவே, ஸாம்பியா கற்களின் அடர்ந்த ஊதாவைத்தான் வியாபாரிகள் மேலே வைப்பார்கள். அடர்த்தி என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. மோதிர அளவில் கல் கறுப்பாகத் தெரிந்தால் அது அடர்த்தி இல்லை, இருட்டு. கடையின் விளக்கை நம்பாதீர்கள். மஞ்சள் விளக்கில் செவ்வந்தி சிவப்பு கலந்தும், சிட்ரின் தீப்போலவும் தெரியும். வாசலுக்கு எடுத்துவந்து நிழலான பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அடுத்து, கல்லைக் குப்புறக் கவிழ்த்து வெள்ளைத்தாளில் வையுங்கள். நிறம் பட்டை பட்டையாக, கோணம் கோணமாக ஒதுங்கியிருப்பது அப்போதுதான் தெரியும். கோணமான நிறப்பட்டை செவ்வந்தியில் சாதாரணம், கண்ணாடியில் அப்படி வராது. ஆனால் நேராகப் பார்க்கும்போதே ஒரு ஓரம் வெளுத்துத் தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

இனி ரோஸ் குவார்ட்ஸ். அது பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் நிறைந்திருப்பதுதான் அந்த நிறத்துக்கும் பால்போன்ற மங்கலுக்கும் காரணம். அந்த இழைகளால்தான் கோளமாக உருட்டிய சில ரோஸ் குவார்ட்ஸில் ஆறு கதிர் நட்சத்திரம் தெரிகிறது. கண்ணாடிபோலத் தெளிந்த, அழுத்தமான இளஞ்சிவப்பு மணிச்சரம் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். புகைநிறக் குவார்ட்ஸை "ஸ்மோக்கி டோபாஸ்" என்று எழுதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் டோபாஸ் துளியும் இல்லை. "செர்ரி குவார்ட்ஸ்", "பைனாப்பிள் குவார்ட்ஸ்", "புளூபெர்ரி குவார்ட்ஸ்" என்று பழப்பெயர் வைத்து வரும் மணிகள் பெரும்பாலும் நிறக்கண்ணாடி. "கோல்டுஸ்டோன்" என்ற மினுமினுப்புக் கல் தாமிரத் துகள் கலந்த கண்ணாடி. "மிஸ்டிக் குவார்ட்ஸ்", "அக்வா ஆரா" இரண்டும் உண்மையான குவார்ட்ஸ்தான், ஆனால் வானவில் நிறம் மேலே பூசிய உலோகப் படலத்துடையது. கீறினால் போய்விடும். மறுபடி மெருகேற்ற வழியில்லை.

கண்ணாடியை எப்படிப் பிரிப்பது? ஒரு மடிக்கணினித் திரையும் கண்ணில் அணியும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியும் (கூலிங் கிளாஸ்) இருந்தால் போதும். எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்கள். கறுப்புக் கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அங்கேயே நிறுத்தி, கல்லை இடுக்கியில் பிடித்துத் திரைக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் நடுவே கொண்டுவாருங்கள். பட்டைக்கல்லை மேல்முகம் கீழே பார்த்தபடி பிடிப்பது நல்லது. இப்போது கல்லைச் சுழற்றுங்கள். குவார்ட்ஸ் என்றால் ஒரு முழுச்சுற்றில் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை அணையும். கண்ணாடிக் கல் இருட்டாகவே கிடக்கும், அல்லது உள் இறுக்கத்தால் பாம்பு நெளிவதுபோல மங்கிய கோடுகள் காட்டும். படிக அச்சு நம் கண்ணுக்கு நேராக அமைந்துவிட்டால் குவார்ட்ஸும் ஒழுங்காகச் சிமிட்டாது. அதனால் ஒரே நிலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கல்லைச் சாய்த்து மூன்று திசைகளிலாவது பாருங்கள். சால்செடனியும், மினுக்கும் குவார்ட்ஸ் வகையான அவெஞ்சுரினும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அணையாமல் வெளிச்சமாகவே இருக்கும், ஏனென்றால் அவை எண்ணற்ற சிறு படிகங்களின் கூட்டம். இந்தச் சோதனை கண்ணாடியை மட்டுமே பிரிக்கும். நீலக்கல்லும் டோபாஸும் இதேபோல்தான் சிமிட்டும். ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸும் அப்படியே.

அடுத்தது தண்ணீர் எடை. மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. கல்லை முதலில் உலர்வாக எடை போடுங்கள். பிறகு தராசின்மேல் சிறு தம்ளரில் தண்ணீர் வைத்து, அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, எண்ணைச் சுழியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீரில் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண் கல் வெளியேற்றிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை இதால் வகுத்தால் ஒப்படர்த்தி. ஐந்து கேரட் கல் சரியாக ஒரு கிராம். அது குவார்ட்ஸ் என்றால் தண்ணீரில் 0.377 கிராம் காட்டும். டோபாஸ் 0.283, மஞ்சள் நீலக்கல் 0.250. இவ்வளவு இடைவெளி இருப்பதால் சிட்ரினைப் புஷ்பராகம் என்று யாராலும் சாதிக்க முடியாது. கல்லில் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிதான் இங்கே பெரிய எதிரி. சோப்புச்சொட்டு அதற்குத்தான். ஊசி முனையால் கல்லைத் தட்டிக் குமிழியை விடுவித்துவிட்டு எண்ணைப் படியுங்கள். இரண்டு கேரட்டுக்குக் கீழே போனால் பிழை பெருகும், அந்த முடிவை நம்பவேண்டாம். கண்ணாடியில் 2.3இலிருந்து 4 தாண்டியும் வகைகள் உண்டு என்பதால், 2.65 வந்துவிட்டது என்று கண்ணாடி இல்லை என முடிவுகட்டக் கூடாது. திரைச் சோதனையும் எடைச் சோதனையும் சேர்ந்தால்தான் பதில் உறுதி.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (உருப்பெருக்கி) கையில் இருந்தால் உள்ளே பாருங்கள். உருண்டைக் குமிழிகளும் சர்க்கரைப்பாகு சுழித்ததுபோன்ற ஓட்டமும் கண்ணாடிக்கு உரியவை. மெல்லிய திரைபோலவும் விரல்ரேகைபோலவும் விரிந்த நீர்த்துளிக் கூட்டம் குவார்ட்ஸுக்கு உரியது. கண்ணாடியின் பட்டை ஓரங்கள் மழுங்கி உருண்டிருக்கும்.

ஸ்படிக மாலை வாங்குகிறவர்கள்தான் கண்ணாடியில் அதிகம் சிக்குகிறார்கள். தண்ணீரில் போட்டால் ஸ்படிகம் மறைந்துவிடும் என்ற சோதனை வீண். தெளிந்த கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் கிட்டத்தட்ட அதே அளவு, அதுவும் அப்படியே மறையும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி என்பதில் உண்மை இருக்கிறது. குவார்ட்ஸ் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் ஏசி ஓடும் கடையில் எல்லாமே குளிரும். ஒரே இடத்தில் ஒரு மணிநேரம் கிடந்த கண்ணாடி மணியையும் ஸ்படிக மணியையும் அடுத்தடுத்துத் தொட்டால்தான் வித்தியாசம் புரியும். இதைவிட நல்ல வழி அதே திரைச் சோதனை. உருண்டை மணியை இருண்ட நிலையில் பிடித்து நாலாபக்கமும் திருப்பினால் ஒரு திசையில் வண்ண வளையங்கள் எழும், நடுவில் சிலுவை இல்லாமல் ஒரு நிறப்புள்ளி நிற்கும். குவார்ட்ஸுக்கே உரிய அடையாளம் அது, கண்ணாடி மணியில் எவ்வளவு திருப்பினாலும் வராது. மாலை முழுவதையும் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு மணிகளையாவது பாருங்கள். கலப்பு மாலைகள் உண்டு. துளையின் விளிம்பையும் லூப்பில் பார்த்துவிடுங்கள். அது சிதறியிருந்தால் நூலை நாளடைவில் அறுத்துவிடும். எட்டு மில்லிமீட்டர் மணி 108 கோத்த மாலை துளைபோக எழுபது கிராமை ஒட்டி எடை இருக்கும்.

விலையில் அதிக ஏமாற்று நடப்பது பூனைக்கண்ணில். வைடூரியம் என்பது கிரிசோபெரில், கடினம் 8.5. குவார்ட்ஸ் பூனைக்கண் அதே மஞ்சள் பழுப்பில், அதே வெள்ளைக் கோட்டுடன் வரும். தண்ணீர் எடை இரண்டையும் உடனே பிரித்துவிடும். இன்னொன்று இழைக்கண்ணாடியில் செய்த பூனைக்கண். அதன் கோடு கத்தியால் கீறியதுபோல மிகக் கூர்மையாக, எல்லாக் கல்லிலும் ஒரே மாதிரி இருக்கும். கல்லின் பக்கவாட்டில் லூப் வைத்துப் பார்த்தால் தேன்கூட்டு அறைகள் வரிசையாகத் தெரியும். புலிக்கண் கல்லில் இவ்வளவு சிக்கல் இல்லை. அதன் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் வடக்குக் கேப் பகுதியிலிருந்து வருவது. சிவப்புப் புலிக்கண் என்றால் பொதுவாகச் சூடுகாட்டியது.

சால்செடனிக் கிளையில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: சாயமா? இந்தக் கற்களில் நுண்துளைகள் இருப்பதால் சாயம் ஆழமாக இறங்கும். கறுப்பு ஓனிக்ஸ் அநேகமாக எல்லாமே சாயம் பிடித்ததுதான். சாம்பல் நிறச் சால்செடனியைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போட்டால் சர்க்கரை கரியாகி உள்ளேயே தங்கிவிடும். அது வெளுக்காது, தாராளமாக வாங்கலாம். நீலம், இளஞ்சிவப்பு, ஊதா என்று பளீரென்று வரும் அகேட் துண்டுகள் நிறமேற்றியவை, சில வகை வெயிலில் வெளுக்கும். சூதுபவளத்தின் சிவப்பைச் சூட்டால் கூட்டுவது மிகப் பழைய கலை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் ஸ்படிகம், செவ்வந்தி, சூதுபவள மணிகள் பட்டறைக் கழிவுகளோடு கிடைத்திருக்கின்றன. குஜராத்தின் கம்பாத்தில் அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. கிரிசோபிரேஸின் பச்சை நிக்கலால் வருவது. சாயமேற்றிய பச்சைச் சால்செடனியை அந்தப் பெயரில் விற்பார்கள். சாயமேற்றியதில் லூப்பில் பார்த்தால் நிறம் வெடிப்பு ஓரங்களில் திரண்டு நிற்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் மட்டமான சாயம் பஞ்சில் ஒட்டும். நல்ல சாயம் ஒட்டாது, அதனால் பஞ்சு வெள்ளையாக இருப்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பச்சை அவெஞ்சுரினில் செய்த சிலைகளை மரகதம் என்று விற்பதும் உண்டு. அவெஞ்சுரினின் பச்சைக்குக் காரணமான அபிரகச் செதில்கள் லூப்பில் தட்டுத்தட்டாக மினுக்கும்.

சூடாக்கிய தெளிந்த குவார்ட்ஸைச் சாயநீரில் அமுக்கி, உண்டாகும் வெடிப்புகளில் நிறத்தை ஏற்றும் முறை ஒன்று இருக்கிறது. பச்சையும் சிவப்புமாக மரகதம், மாணிக்கம் பெயரில் வருபவை அவை. நிறம் கல்லில் இருக்காது, சிலந்திவலைபோன்ற வெடிப்புக் கோடுகளில் மட்டுமே இருக்கும். இவை மோதிரத்தில் பதிக்கும்போதே உடையக்கூடும்.

ஆய்வகத்தில் வளர்த்த செவ்வந்தி பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 1970களிலிருந்து அது சந்தையில் இருக்கிறது, இயற்கைக் கற்களோடு கலந்தே வருகிறது. ஒப்படர்த்தி, ஒளிவிலகல், கடினம் எல்லாம் ஒன்றே. மாசில்லாத கல்லை லூப்பில் பிரிக்க முடியாது, ஆய்வகத்தில்தான் பார்க்கவேண்டும். சோதனைக் கட்டணம் பல நேரம் கல்லின் விலையைத் தாண்டும். சின்ன அளவுக் கற்களுக்கு இதற்காக மெனக்கெட வேண்டாம் என்பதே என் கருத்து. பெரிய கல்லுக்கு, அதுவும் "ஸாம்பியா" "சைபீரியா" என்று ஊர் சொல்லி விலை ஏற்றினால், இயற்கைக் கல் என்று பில்லில் எழுதித் தரச்சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் அந்த விலை கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை.

குவார்ட்ஸில் நிறத்துக்கு அடுத்தபடி காசு பட்டைக்குத்தான். மூலக்கல் மலிவு என்பதால், மோசமாகப் பட்டை தீட்டியதை மன்னிக்கக் காரணமே இல்லை. கல்லை அச்செழுத்தின்மேல் வைத்து மேலிருந்து நேராகப் பாருங்கள். நடுவில் எழுத்து படிக்கக் கிடைத்தால் அடிப்பக்கக் கோணம் தாழ்ந்துவிட்டது, ஒளி திரும்பாமல் கீழே ஒழுகுகிறது. குவார்ட்ஸில் ஒளி உள்ளேயே திரும்ப அடிக்கோணம் 41 டிகிரிக்கு மேல் வேண்டும், நல்ல பட்டறைகள் 42, 43இல் வைப்பார்கள். மறுபுறம், எடைக்காக வயிறு தள்ளியதுபோல அடியைக் கனமாக விட்ட கற்களும் வரும். கேரட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள், அந்த எடை மோதிரத்துக்குள் மறைந்துவிடும், வளையத்தில் சரியாக உட்காரவும் உட்காராது. 10க்கு 8 மில்லிமீட்டர் நீள்வட்டக் கல், ஐந்தரை மில்லிமீட்டர் ஆழம் என்றால் சுமார் இரண்டரை கேரட் இருப்பது இயல்பு. அதே முகத்துக்கு மூன்றரை கேரட் சொன்னால் கவிழ்த்துப் பாருங்கள்.

சில இடங்களில் ரத்தி என்ற பழைய எடை அளவில் விலை சொல்வார்கள். ரத்தி கணக்கு இடத்துக்கு இடம் மாறும், கேரட்டிலும் மில்லிமீட்டரிலும் கேட்டு வாங்குங்கள். மாணிக்கத்தில் அளவு கூடக்கூடக் கேரட் விலையும் தாவும். செவ்வந்தியிலும் சிட்ரினிலும் பெரிய படிகம் தாராளம் என்பதால் அந்தத் தாவல் இல்லை. "பெரிய கல், அதனால் கேரட் விலை கூடுதல்" என்ற பேச்சு இங்கே எடுபடக்கூடாது. காங்கேயம், கரூர் வட்டாரத்தில் மூலக்கல்லாக வாங்கித் தீட்டிக்கொள்ள நினைப்பவர்கள் கழிவைக் கணக்கில் வையுங்கள். நூறு கேரட் மூலக்கல்லில் இருபது, முப்பது கேரட் கைக்கு வந்தால் நல்ல விளைச்சல். தண்ணீரில் நனைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெடிப்பு ஓடும் திசையைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். உலர்ந்த கல்லின் சொரசொரப்பு உள்வெடிப்பை மறைத்துவிடும்.

கல் பதிக்கக் கொடுக்கும்போது ஆசாரியிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். பற்றவைக்கும் வேலை எல்லாம் கல்லை வைப்பதற்கு முன்பே முடியவேண்டும். சுடர் பட்டால் செவ்வந்தி வெளுக்கும், சூடான கல் அமிலத்திலோ தண்ணீரிலோ விழுந்தால் குவார்ட்ஸ் எதுவானாலும் வெடிக்கும். பூச்சுக் கல், சாயக் கல் என்றால் அல்ட்ராசோனிக் (ஒலியதிர்வால் கழுவும்) இயந்திரத்தில் போடக்கூடாது. நீராவிக் குழாய் எந்தக் குவார்ட்ஸுக்கும் வேண்டாம். வீட்டில் இளஞ்சூட்டு நீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். தெருப்புழுதியில் இருப்பதும் குவார்ட்ஸ்தான், அதே கடினம், பட்டை ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். செவ்வந்தியையும் ரோஸ் குவார்ட்ஸையும் ஜன்னலோர வெயிலில் மாதக்கணக்கில் வைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொட்டலத்தில் மடித்து, எடையும் அளவும் சூடா சாயமா என்பதும் மேலே எழுதிவையுங்கள்.